ஐம்பத்தெட்டு டிகிரி

மத்திய ரயில்வே, தண்டவாளப் பிரிவு, வரைபட அறை.
முப்பத்தோரு வருஷம்
வளைவுகளுக்கு மை போட்டிருக்கிறேன்.
மூன்று டிகிரி வந்தாலே ஓரத்தில் எழுதுவோம்: வேகம் குறை.
பத்துக்கு மேல் அனுமதியே கிடையாது.
என்னுடையது ஐம்பத்தெட்டு.

பரேலில், நாலாவது மாடியில்,
டாக்டரின் குடும்பப் பெயர் இன்ஜினியர்.
பார்சிக்காரர். சிரிக்க மாட்டார்.
வெளிச்சப் பெட்டியில் என் படத்தைச் செருகி
பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார்.
கோடு சுத்தமாக இருந்தது,
நான் முதலில் பார்த்தது அதைத்தான்.
இருபத்து நாலு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, ஒன்பது மணி நேரம்;
இடுப்பெலும்பு வரைக்கும் பூட்டிவிடுவோம் என்றார்.
பூட்டிவிட்டால்?
குனிய முடியாது. வலி பாதியாகக் குறையலாம்,
குறையாமலும் போகலாம்.
விட்டுவிட்டால்?
வருஷத்துக்கு ஒரு டிகிரி.
எனக்கு அறுபத்து நாலு.
அம்மா எண்பத்தொன்பது வரை இருந்தாள்.
மனசுக்குள் கூட்டினேன், எண்பத்து மூன்று வந்தது.
கிட்டத்தட்ட செங்கோணம்.

யூசுபுக்கு இதெல்லாம் முன்பே தெரியும்.
சயானில் பிளவுஸ் தைக்கிறவர்.
இடது பக்கத்தை முக்கால் அங்குலம் ஏற்றி வெட்டுவார்,
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
போன கிறிஸ்துமஸுக்கு ஒன்றேகால்.
அப்போதும் கேட்கவில்லை,
டேப்பை மட்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

ஜெபமணியிடம் கேட்டால்
“உன் முதுகு, நீதான் சொல்லணும்” என்கிறார்.
நியாயம்தான்.
ஆனால் அந்த முதுகை நான்
ஒரு தரமும் நேரில் பார்த்ததில்லை.
முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறவர் அவர்.

கரண்ட் பில்லின் பின்னால் எழுதிப் பார்த்தேன்,
இனி முடியாதவை:
கால் நகம், செருப்பு வார்,
கட்டிலுக்கடியில் உருண்டுபோன பாட்டில் மூடி.
அப்புறம், திரும்பிப் பார்ப்பது.
யாராவது கூப்பிட்டால் கப்பல் மாதிரி
முழுசாகத் திரும்ப வேண்டுமாம்.
சரி, என்னை யார் கூப்பிடுகிறார்கள்.
கிடைக்கக்கூடியவற்றில் ஒன்றை எழுதக் கூச்சமாக இருந்தது.
நேராக நிற்பது.
யாருக்குக் காட்ட?
“கோணலா நிக்காதடி” என்று பிரம்பால் தட்டிய டிரில் டீச்சர்
செத்துப் பதினைந்து வருஷம்.

அன்றைக்கு லேடீஸ் டப்பாவில்
நாலாவது சீட்.
பாதி உடம்பு அந்தரத்தில். அது எனக்குப் பழக்கம்.
என் தோளிலிருந்து பை வழுக்கிக்கொண்டே இருந்தது.
பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்
காட்கோபர் வருவதற்குள் மூன்று தடவை ஏற்றிவிட்டாள்.
நாலாவது தடவை
அவளே வாங்கி மடியில்லாத இடத்தில், மார்போடு வைத்துக்கொண்டாள்.
முலுண்டில் இறங்கும்போது கொடுத்தாள்.
எனக்குக் கோபம் வந்தது.
அவள்மேல் இல்லை.

ஆஸ்பத்திரி பாரத்தில் உயரம் கேட்டிருந்தது.
சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஐந்தடி ஒன்று.
நர்ஸ் சுவரோடு நிறுத்தி அளந்தாள்: நாலடி ஒன்பது.
நாலு அங்குலத்தையும் எந்த ஸ்டேஷனில் விட்டேன்?
ஒன்றரை திரும்ப வரும் என்றார் இன்ஜினியர்.
மீதியைப் பற்றிப் பேச்சில்லை.

“தேதி?”
மழைக்காலத்தில் தண்டவாளத்தைப் பிரிக்கக் கூடாது,
அது எங்கள் ஆபீஸ் வழக்கம் என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தார்.
“அப்படியானால் அக்டோபர்.”
நான் வேண்டாமென்று சொல்லவில்லை.
எழுதிக்கொண்டார், பென்சிலில்.
அதை அழிக்க எந்த ரப்பர் நல்லது என்றுகூட எனக்குத் தெரியும்.

வெளியே ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர்.
ஜெபமணி குடையைப் பிடித்தார்,
எப்போதும்போல இடப்பக்கம் சாய்த்து,
என் தாழ்ந்த தோளுக்கு.
அக்டோபருக்கு அப்புறமும் அப்படித்தான் பிடிப்பார்.
கொஞ்ச நாள்
வலது தோள் நனையும்.